வளப்பூர் நாட்டில் மாணவர் களப்பணியும் காலநிலை இடர்த்துணையும்: பயிர்ப்பருவம், கல்விப்பருவம் குறித்த விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் மக்களுக்கான துணைப்பணிகளில் பல்கலைக்கழக மாணவர்களை ஆய்வாளர்களாக அமர்த்தும் வழக்கம் உலகளவிலும் தமிழகத்திலும் பரவி வருகிறது. கொல்லிமலையின் வளப்பூர் நாட்டைக் களமாகக் கொண்டு, இத்தகைய பணியமர்வு எதைக் காண இயலும், எதைக் காணத் தவறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மலையில் நிகழும் இழப்பு பெரும்பாலும் ஒரு நாளில் நேரும் பேரிடர் அன்று. ஒரு குடும்பம் ஒரு பயிர்வகையை விதைக்காமல் விட்டுவிடுவதே அங்கு இழப்பின் வடிவம். அரசின் நிவாரணக் கணக்கிலும் சில வாரங்கள் மட்டும் தங்கும் மாணவரின் வினாநிரலிலும் இவ்விழப்பு இடம்பெறுவதில்லை. கல்விப்பருவம் பயிர்ப்பருவத்தோடு பொருந்தாமையே இதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வளப்பூர் நாடு, கொல்லிமலை, மலையாளிப் பழங்குடியினர், சாமை, மரவள்ளி, களப்பணி, காலநிலை இடர், அடங்கல்

முன்னுரை

காலநிலை மாற்றம் என்றவுடன் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவன சென்னையின் வெள்ளமும் கடலோரத்துப் புயல்களுமே. துணைப்பணி என்பதும் அவ்வாறே உணவுப் பொட்டலம், தார்ப்பாய், தற்காலிக முகாம் என்னும் காட்சிகளோடு இணைந்துவிட்டது. நீர் வந்தது, வடிந்தது, இழப்பு கணக்கிடப்பட்டது என அங்கெல்லாம் நிகழ்வுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மலைநாட்டு உழவர் எதிர்கொள்ளும் மாற்றத்திற்கு அத்தகைய தேதி இல்லை. மழை சற்றுப் பிந்துகிறது, விதைப்பு தள்ளிப்போகிறது, மூன்றாம் ஆண்டில் அப்பயிர் கைவிடப்படுகிறது. எந்த நாளில் இழப்பு நேர்ந்தது என்று கேட்டால் எவராலும் விடை கூற இயலாது.

இவ்வகை இடரை அறிவதற்குப் பெருங்கருவிகளைக் காட்டிலும் ஓர் ஊரில் நீண்ட காலம் தங்கிக் கவனிக்கும் ஆளே முதலில் தேவைப்படுகிறார். அவ்வாறு தங்கும் வாய்ப்பும், தங்குவதற்கான கல்விக் காரணமும் உடையவர்கள் மாணவர்கள். அரசு அலுவலருக்கோ தொண்டு நிறுவனப் பணியாளருக்கோ ஒரே சிற்றூரில் பல மாதங்களைக் கழிக்கப் பொதுவாக இயல்வதில்லை. ஆகவே மாணவர் பணியமர்வை வெறும் பயிற்சி ஏற்பாடாகக் கருதுவது போதாது.

மலையும் நாடும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மலையின் மேற்பரப்பு பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலை மக்களுள் மிகப் பெரும்பான்மையினர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். பெயர் மயக்கம் தரினும் இவர்கள் தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்னும் மரபுக் கதையை உடையவர்கள்.

சமவெளி வாசகர் ‘நாடு’ என்னும் சொல்லை இங்குச் சற்று மாற்றிப் பொருள்கொள்ள வேண்டும். கொல்லிமலையில் அது சிற்றூர்களின் தொகுதியைக் குறிக்கும். மலையில் இத்தகைய 14 நாடுகள் உள்ளன; அவை இன்று ஊராட்சிகளாகவும் விளங்குகின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு முதலியன அவற்றுட் சில. ஊராட்சித் தலைவரோடு ஊர்க்கவுண்டர் போன்ற மரபுத் தலைமைகளுக்கும் மதிப்பு நிலவும் இடமாதலால், களப்பணிக்கு வருவோர் இரு தரப்பினரிடமும் சென்று தம் நோக்கத்தைக் கூறுவது முறையாகும்.

தமிழ் இலக்கியம் பயின்றோர் கொல்லிமலையை வல்வில் ஓரியின் மலையாகவும், வளப்பூர் நாட்டை அறப்பளீசுவரர் கோயில் வழியாகவும் அறிவர். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இக்கோயில் இறைவனை முன்னிறுத்திப் பாடப்பெற்றதே. கோயிலுக்கு அருகிலுள்ள ஆகாய கங்கை அருவியைக் காணப் பயணியர் ஆண்டு முழுவதும் வருகின்றனர். ஆடிப்பெருக்கை ஒட்டி நிகழும் வல்வில் ஓரி விழாவின்போது சமவெளியே மலையேறி வந்தது போன்ற கூட்டம் காணப்படும். வருகின்ற அனைவரும் காண்பது பசுமையான ஒரு மலையை. பசுமை குறையவில்லை என்பதும் உண்மை. எந்தப் பயிரின் பசுமை என்பதுதான் மாறியுள்ளது.

சாமையிலிருந்து மரவள்ளிக்கு

கொல்லிமலையின் பழைய வேளாண்மை பள்ளத்து வயல்களில் நெல்லையும், மேட்டு நிலங்களில் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு முதலிய சிறுதானியங்களையும் அடிப்படையாகக் கொண்டது. அவற்றோடு அவரை, துவரை முதலிய பயறுவகைகளும் கலந்து விதைக்கப்பட்டன. தொம்பை என்னும் குதிரில் தானியம் சேமிக்கப்பட்டது. ஒரே சாமை என்று வெளியார் கருதுவதை மலை மக்கள் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை எனப் பிரித்தறிந்தனர். கேழ்வரகில் சட்டைக் கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு எனவும், தினையில் செந்தினை, மூக்கன் தினை எனவும் வகைகள் இருந்தன. வயதிலும் உயரத்திலும் சுவையிலும் இவை வேறுபட்டன. மழை பிந்தினால் எதை விதைப்பது, மண் மெலிந்த இடத்தில் எதை இடுவது என்னும் முடிவுகள் இவ்வேறுபாடுகளைச் சார்ந்திருந்தன. எனவே இப்பெயர்ப் பட்டியலை மழை பொய்க்கும் ஆண்டுக்கான முன்னேற்பாட்டின் குறிப்பேடாகவே கொள்ளலாம்.

கடந்த சில பத்தாண்டுகளில் இம்மேட்டு நிலங்களின் பெரும்பகுதியை மரவள்ளி கைப்பற்றியது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சவ்வரிசி, மாவு ஆலைகள் அருகிலேயே உள்ளன. இவ்வாலைகளின் விற்பனைக்கென 1981இல் சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கமும் அமைக்கப்பட்டது. கிழங்குக்குச் சந்தை உறுதி. பணம் மொத்தமாகக் கிடைக்கும். விதைத்த பின் மழை சற்றுத் தவறினாலும் பயிர் தாங்கும். இவற்றோடு பெரும்பாலும் பேசப்படாத மற்றொரு காரணமும் உண்டு. சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி நீக்கும் வேலை முழுவதும் பெண்கள்மேல் விழுந்தது. மணிக்கணக்கில் உலக்கை பிடித்தவர்களுக்கு நியாயவிலைக் கடையின் அரிசி பெரும் விடுதலையாக அமைந்தது. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அவ்வரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. சிறுதானியத்தின் மறைவை ‘மரபு அழிந்தது’ என்று மட்டும் எழுதிச் செல்லும் கட்டுரைகள் இப்பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சற்று வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.

1988இல் நிறுவப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் பணியாற்றி வருகிறது. ஊர் விதை வங்கிகள், உமி நீக்கும் இயந்திரங்கள், மகளிர் குழுக்கள் வழியான மதிப்புக்கூட்டுப் பொருள்கள் ஆகியவை அதன் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கவை. உலக்கையின் சுமையைக் குறைக்காமல் சாமையைக் காக்க இயலாது என்னும் உணர்வே அரவை இயந்திரத்துக்கு அங்கு முதன்மை தந்தது எனலாம்.

மரவள்ளியும் முழுக் காப்பு அன்று என்பதைப் பின்னைய ஆண்டுகள் காட்டின. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. விரைவில் அது தமிழகத்தின் சேலம், நாமக்கல் வட்டாரங்களுக்கும் பரவியது. வறண்ட, வெப்பமான மாதங்களில் இப்பூச்சி பெருகும் இயல்புடையது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ‘அனாகிரஸ் லோபெசி’ என்னும் ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. மழை குறைவதைத் தாங்கும் என்று தேர்ந்த பயிரை வறட்சியில் பெருகும் பூச்சி தாக்கியது. பல வகைகளை நிலத்தில் பரப்பி வைத்திருந்த காலத்தில் ஒரு பூச்சி ஒரு குடும்பத்தின் முழு ஆண்டையும் இவ்வாறு பறித்திருக்க இயலாது.

ஒரு முனைவர் பட்ட ஆய்வு காட்டியது

கொல்லிமலையின் இம்மாற்றத்தை உலக ஆய்வுலகுக்கு எடுத்துச் சென்றவற்றுள் ஒன்று ஒரு மாணவரின் களப்பணி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்த எலிசபெத் ஃபின்னிஸ் கொல்லிமலைச் சிற்றூர்களில் தங்கிக் களப்பணி ஆற்றினார். சிறு உழவர் பணப்பயிருக்கு ஏன் மாறுகின்றனர் என்னும் வினாவை முன்வைத்த அவருடைய கட்டுரை 2006இல் ‘அமெரிக்கன் ஆந்த்ரபாலஜிஸ்ட்’ இதழில் வெளிவந்தது. உணவுப் பழக்க மாற்றத்தை ஆராய்ந்த மற்றொரு கட்டுரை 2007இல் வெளியாயிற்று.

சந்தையின் கவர்ச்சிக்கு உழவர் இரையாயினர் என்னும் எளிய விளக்கத்தை இக்கட்டுரைகள் ஏற்கவில்லை. மழையும் சூழலும் மாறிவிட்டன என்று உழவரே உணர்ந்திருந்தனர்; மாறிய சூழலில் சிறுதானியம் முன்போல் நம்பத்தக்கதாக இல்லை என்று கணித்தனர்; பிள்ளைகளின் கல்வி, நல்ல வீடு ஆகியவற்றை விரும்பினர். இவை அனைத்தும் சேர்ந்தே மரவள்ளியைத் தேர்ந்தெடுக்கச் செய்தன. இந்த ஆய்வு காலநிலை ஆய்வு என்ற பெயரில் தொடங்கியதன்று. பயிர் பற்றியும் உணவு பற்றியும் பொறுமையாகக் கேட்டதில் காலநிலை தானாக வெளிப்பட்டது. நேரடியாகக் ‘காலநிலை மாறியுள்ளதா?’ என்று கேட்கும் வினாநிரலுக்கு ‘ஆம்’ என்னும் விடைக்கு மேல் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. அவ்வினா தன் விடையைத் தானே சுமந்து செல்கிறது. ‘இந்த மேட்டில் முன்பு என்ன போட்டீர்கள், எந்த ஆண்டு விட்டீர்கள்?’ என்னும் வினாவிற்கு விடை சொல்ல ஒரு மாலைப்பொழுது போதாது.

நிவாரணக் கணக்கில் சேராத இழப்பு

மாநிலப் பேரிடர் துயர்தணிப்பு நிதியின் நெறிமுறைகள் புயல், வறட்சி, வெள்ளம், நிலச்சரிவு, பூச்சித் தாக்குதல் முதலியவற்றைப் பேரிடர்களாக வகுத்துள்ளன. பயிரிழப்புக்கு இடுபொருள் உதவி பெற 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் சேதம் இருத்தல் வேண்டும். அவ்வுதவி விதைக்கப்பட்ட பரப்புக்கு மட்டுமே உரியது. பேரிடர் நெறிமுறை என்ற அளவில் இது இயல்பானதே. விதைக்காத நிலத்துக்கு விதைச்செலவை எவ்வாறு தருவது?

ஆனால் மலையில் இழப்பு விதைக்காத நிலத்தில்தான் தொடங்குகிறது. ஆனி, ஆடியில் மழை பிந்தும்போது மேட்டில் சாமை இடாமல் விட்டவர் அவ்வாண்டில் எதையும் இழந்தவராகக் கணக்கில் வரமாட்டார். மறு ஆண்டு அவ்விடத்தில் மரவள்ளி நின்றால் நிலம் பயிரேறியதாகப் பதிவாகும். அதற்கிடையில் விதை தொம்பையில் முளைப்புத்திறன் இழந்திருக்கும். அவ்வூரில் அவ்வகையை வைத்திருந்த கடைசிக் குடும்பம் அதுவாக இருப்பின், அன்றோடு அவ்வகை அவ்வூரிலிருந்து நீங்குகிறது. இவ்விழப்பை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மழைக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய பெருவறட்சி எவர் கண்ணுக்கும் தப்பாது. இடைப்பட்ட ஆண்டுகளே தப்புகின்றன. மாவட்டச் சராசரி என்பது நாமக்கல்லின் சமவெளியையும் 1000 மீட்டருக்கு மேலுள்ள மலையையும் ஒரே எண்ணாக்கிவிடுகிறது. சராசரி இயல்பாக உள்ள ஆண்டிலும் வளப்பூர் நாட்டின் ஒரு மேட்டில் விதைப்பு மழை மூன்று வாரம் பிந்தியிருக்கக்கூடும். மூன்று வாரம் என்பது மாவட்டப் புள்ளிவிவரத்துக்குச் சிறிது; விதைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பவருக்குப் பெரிது.

கிராம நிர்வாக அலுவலர் பேணும் அடங்கல் பதிவேடே எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்பதற்கான அடிப்படைச் சான்று. ஜூலை 1 அன்று தொடங்கும் பசலி ஆண்டை ஒட்டி அது எழுதப்படுகிறது. கலப்புப் பயிரில் முதன்மைப் பயிரின் பெயர் நிற்கும். ஓரத்தில் இட்ட இரு வரிசைத் தினை மறையும். வகைப் பெயர்களுக்கு அங்கு இடமில்லை. அலுவலரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. அடங்கல் வேறொரு தேவைக்காக உருவான ஏடு.

மாணவர் பணியமர்வு: உலகிலும் தமிழகத்திலும்

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கம் காலநிலை இடர்களை ஆராய்வதற்கென ஒரு மையத்தை 2002இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தொடங்கியது. அம்மையம் பல்கலைக்கழகங்களோடு இணைந்து மாணவ ஆய்வாளர்களைத் துணைப்பணிக் களங்களுக்கு அனுப்பும் வழியையும் கையாண்டது. அறிவியலாளர் தரும் மழை முன்கணிப்பு ஊர்த் தொண்டருக்குப் புரியும் செய்தியாக மாற இடையில் ஒருவர் தேவை. இரு மொழியும் கற்கும் பருவத்திலுள்ள மாணவர் அவ்விடத்துக்குப் பொருந்துவர் என்பதே இதன் அடிப்படை. 2008இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பருவகால முன்கணிப்பை நம்பி, வெள்ளம் வருமுன்னரே செஞ்சிலுவை அமைப்பு நிதிக் கோரிக்கை விடுத்து நிவாரணப் பொருள்களை இருப்பு வைத்தது. இடர் நேர்ந்தபின் ஓடுவதற்கு மாறாக, முன்னரே அறிந்து நிற்றல் என்னும் எண்ணம் இதன் வழியே வலுப்பெற்றது.

தமிழகத்தில் இத்தகைய ஏற்பாடுகளுக்கு முன்மரபு உண்டு. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பல தலைமுறை மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்றுள்ளது. வேளாண்மைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் ஊர்களில் தங்குகின்றனர். அண்மையில் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் இளம் ஆய்வாளர்களை மாவட்டங்களில் அமர்த்தியுள்ளது. கொல்லிமலையைப் பொறுத்தவரை, 2011 முதல் 2014 வரை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய வறுமை, ஊட்டக்குறைவு ஒழிப்பு ஆய்வுத்திட்டத்தின் மூன்று களங்களுள் இம்மலையும் ஒன்று. கேரளத்தின் வயநாடும் ஒடிசாவின் ஜெய்ப்பூரும் ஏனைய இரண்டு. இவற்றோடு தமிழ்த்துறை, நாட்டார் வழக்காற்றியல் துறை மாணவர்கள் பாடலும் கதையும் தொகுக்க மலையேறும் வழக்கமும் உண்டு. ஆகவே மலைக்கு மாணவர் வரவு புதிதன்று. வந்தவர் எப்போது வந்தார், எவ்வளவு நாள் இருந்தார் என்பதே வினா.

பயிர்ப்பருவமும் கல்விப்பருவமும்

கல்லூரிப் பருவங்கள் பொதுவாக ஜூன் முதல் நவம்பர் வரையும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும் அமைகின்றன. எனவே மாணவர் களப்பணிக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மே மாத விடுமுறையும், பருவ இடைவெளியில் வரும் டிசம்பரின் சில வாரங்களுமே. மேட்டுச் சிறுதானியமோ தென்மேற்குப் பருவ மழையோடு விதைக்கப்பட்டு ஆண்டின் இறுதி மாதங்களில் அறுவடையாகிறது. மே மாதத்தில் வருபவர் காண்பது விதைப்புக்கு முந்திய வெற்று மேடு. டிசம்பரில் வருபவர் அறுவடை முடிந்த களத்தையும், கிழங்கு ஏற்றும் லாரிகளையும் காண்கிறார். பலர் கையில் பணம் புழங்கும் காலம் அது. விதைப்பதா வேண்டாமா என்று குடும்பம் முடிவெடுக்கும் நாளும், பழைய தானியம் தீர்ந்து புதியது வராத ஆவணி, புரட்டாசி மாதங்களும் அவர் வகுப்பறையில் இருக்கும்போது கடந்துபோகின்றன.

இதன் விளைவு எளிதில் புலப்படாதது. டிசம்பரில் எடுக்கும் உணவு ஆய்வு மலைக் குடும்பங்கள் நன்றாக உண்கின்றன என்று காட்டும். மே மாத ஆய்வு நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று காட்டும். இரண்டும் பொய்யல்ல, இரண்டையும் கொண்டு துணைப்பணி திட்டமிடுவோர் தவறான மாதத்தில் தவறான உதவியோடு மலையேறுவர்.

தீர்வு கடினமானதன்று. முனைவர் பட்ட மாணவருக்குக் கல்விப்பருவக் கட்டு தளர்வானது. ஆனி தொடங்கி மார்கழி வரை ஒரு நாட்டில் தங்க அவரால் இயலும். முதுகலை மாணவராயின் ஒருவர் பின் ஒருவராக, ஒரே குறிப்பேட்டைக் கைமாற்றிக்கொண்டு அப்பருவத்தை நிரப்பலாம். பல்கலைக்கழகங்கள் தனித்தனி ஆய்வேட்டை மட்டுமே மதிப்பிடுவதால் கைமாறும் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வழங்கும் முறை இன்னும் உருவாகவில்லை. உண்மையான தடை இங்குதான் இருக்கிறது, மலைப்பாதையில் இல்லை.

அக்குறிப்பேட்டில் எழுத வேண்டியவையும் சிலவே. வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30 மணிக்கு எளிய மழைமானியின் அளவைப் பதிதல் ஒன்று. எந்த வீட்டார் எந்த மேட்டில் எந்த வகையை எந்த நாளில் விதைத்தனர், எதை விதைக்காமல் விட்டனர், ஏன் விட்டனர் என்பது மற்றொன்று. புரட்டாசியில் அடுப்பில் என்ன வெந்தது, வீட்டில் எவர் கூலி வேலைக்கு மலையிறங்கினார் என்பனவும் அதில் இடம்பெறல் வேண்டும். மரவள்ளி இலையின் நுனி சுருண்டு கொத்தாவது மாவுப்பூச்சியின் அறிகுறி. முதலில் கண்ட நாளைக் குறித்து வைத்தால் வேளாண் அலுவலருக்கு அது உடனே பயன்படும். பூச்சித் தாக்குதல் நிவாரண நெறிமுறையில் உள்ள பேரிடராதலின், தேதியிட்ட இக்குறிப்பு குடும்பங்களுக்குச் சான்றாகவும் நிற்கும்.

பெயரும் மொழியும்

இக்களப்பணி வேளாண் மாணவருக்கே உரியது என்று கருதவேண்டியதில்லை. படிவத்தில் ‘சிறுதானியம்’ என்று ஒரே கட்டம் இருந்தால் கட்டவெட்டிச் சாமையின் மறைவு அதில் தெரியாது. சாமை என்று கட்டம் இருந்தாலும் தெரியாது. வகைப் பெயரைக் கேட்டு, அது எதைக் குறிக்கிறது, அடுத்த ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டா என்று ஒப்பிடுதல் சொல்லாய்வாளரின் வேலை. மலையாளிகள் தமிழ் பேசுவதாலேயே சமவெளி மாணவர் தமக்கு எல்லாம் விளங்குகிறது என்று எண்ணிவிடும் இடர்ப்பாடும் இங்கு உண்டு. வேற்றுமொழி பேசும் களத்தில் இருமுறை கேட்பவர், தன்மொழிக் களத்தில் ஒருமுறையும் சரியாகக் கேட்பதில்லை. நிலவகை, மழைவகை, விதைவகை பற்றிய மலைவழக்குகளைத் தொகுக்கும் தமிழ்த்துறை மாணவர், தம்மை அறியாமலேயே காலநிலை ஆய்வின் மிக நுண்ணிய பகுதியைச் செய்கிறார்.

பெயர்களை எழுதிக்கொள்வதில் பொறுப்பும் அடங்கியுள்ளது. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும், 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டமும் விதையின்மீதும் அதைப் பற்றிய அறிவின்மீதும் உழவருக்கும் ஊருக்கும் உள்ள உரிமையை ஏற்கின்றன. எடுத்துச் செல்லும் விதைக்கும் செய்திக்கும் ஊரின் இசைவைப் பெறுதல் ஆகவே மரியாதை மட்டுமன்று, சட்டத்தின் நோக்கமுமாகும். ஒரு கைப்பிடி விதைதானே என்பது சமவெளியின் கணக்கு. கடைசித் தொம்பையிலிருந்து எடுத்த கைப்பிடியாகவும் அது இருக்கலாம்.

மலைக்குத் திரும்பும் அறிக்கை

கொல்லிமலை பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. பல, கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டிய இதழ்களில் உள்ளன. விவரம் தந்தவர் வீட்டுக்கு அவை திரும்பி வருவதில்லை. துணைப்பணிக்கான ஆய்வு என்று பெயரிட்டுக்கொண்ட பணியில் இது சிறு குறையன்று. பட்டம் பெறுவதற்கான ஆய்வேடு ஒரு திசையில் செல்லட்டும்; அதிலிருந்து தமிழில் இரு பக்க அளவிலான பருவக் குறிப்பு ஒன்று மறுதிசையில் செல்ல வேண்டும்.

அதற்கான இடமும் நாளும் முன்னரே உள்ளன. தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வியப்புக்குரிய வகையில் இந்நாள்கள் கல்விப்பருவத்தைக் காட்டிலும் பயிர்ப்பருவத்தோடு நன்கு பொருந்துகின்றன. மே 1 விதைப்புக்கு முந்தியது. யாரிடம் எந்த விதை உள்ளது என்று பேசுவதற்கு ஏற்றது. ஆகஸ்டு 15 வரும்போது விதைத்தது எது, விடுபட்டது எது என்பது தெரிந்திருக்கும். விடுபட்டதை ஊரே பதிவு செய்து தீர்மானமாக்கினால், அடங்கலில் இல்லாத செய்தி ஓர் அரசு ஏட்டில் முதன்முறையாக இடம்பெறும். அக்டோபர் 2 தானியம் குறைந்த காலத்தை ஒட்டி வருகிறது. ஜனவரி 26 அன்று அறுவடை முடிந்திருக்கும். வளப்பூர் நாட்டின் ஜனவரிக் கூட்டத்தில் மாணவர் ஒருவர் எழுந்து, சென்ற பருவத்தின் மழை நாள்களையும், விதைக்கப்படாமல் போன வகைகளின் பெயர்களையும், அவற்றின் விதை இன்னும் எந்தச் சிற்றூரில் கிடைக்கிறது என்பதையும் வாசிப்பாராயின், கூட்டத்தில் முதலில் எழும் குரல் பெரும்பாலும் ஏதோ ஒரு மூதாட்டியுடையதாக இருக்கும். அவர் திருத்துவது ஒரு வகையின் பெயராகவோ ஒரு மேட்டின் பெயராகவோ இருக்கும். அத்திருத்தத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஏட்டின் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் விட்டுவிட்டு அவர் மலையிறங்கலாம். அடுத்த ஆனியில் வரும் மாணவர் அப்படியிலிருந்து தொடங்குவார்.